‘எதைச் சார்ந்து?’: சார்பியல் கணக்கைத் தப்பில்லாமல் போடும் முறை

“எல்லாமே சார்பானதுதான், ஐன்ஸ்டைனே சொல்லிட்டார்” என்று வாதத்தை முடித்துவைப்பவர்கள் உண்டு. அவருடைய கோட்பாட்டில் அப்படி எதுவும் இல்லை. 1905-இல் வந்த கட்டுரையின் தலைப்பில் சார்பியல் என்ற சொல்லே கிடையாது. நகரும் பொருள்களின் மின்னியக்கவியல் என்பதுதான் தலைப்பு.

பேச்சுவழக்கின் சார்பு என்ன என்று பார்க்க மூன்று பாத்திரம் போதும். ஒன்றில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், நடுவில் சாதாத் தண்ணீர். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக நடுப் பாத்திரத்தில் விடுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சில்லென்றும் மறு கைக்குச் சூடாகவும் இருக்கும். வெப்பமானியை உள்ளே விட்டால் சண்டை தீர்ந்தது.

வேகத்துக்கு அப்படியொரு வெப்பமானி கிடையாது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் வேகம் உங்களுக்குச் சுழியம், தண்டவாளத்தோரம் நிற்பவருக்கு மணிக்கு 60 கி.மீ. இரண்டும் சரி. இது அவரவர் அபிப்பிராயமும் இல்லை. ஆளை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு கேமராவை வைத்தாலும் அதே அளவுதான் வரும்.

ஆகவே முதல் வேலை, வாக்கியத்தை முழுசாக்குவது. ‘வேகம் 60’ என்பது பாதி வாக்கியம். ‘தரையைச் சார்ந்து 60’ என்று குறிப்பாயத்தையும், அதாவது எதைச் சார்ந்து அளக்கிறோம் என்பதையும், சேர்த்து எழுதுங்கள். அடுத்து ஒரு திசையைக் கூட்டல் குறியாக வைத்துக்கொண்டு, ஒன்றின் திசைவேகத்திலிருந்து மற்றதைக் கழியுங்கள். 200 மீட்டர் ரயில் 60-இலும் 300 மீட்டர் ரயில் 40-இலும் எதிரெதிரே வந்தால் 60 − (−40) = 100. இதை 5/18-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 27.8 மீட்டர். கடக்க வேண்டியது இரண்டு நீளமும் சேர்ந்து 500 மீட்டர். 18 வினாடி ஆகும். ஒரே திசையில் போனால் சார்பு வேகம் 20-தான், முந்திப் போக 90 வினாடி. தப்பு நடக்கிற இடங்கள் இரண்டு: எதிர்த்திசைக்குக் குறியை மறப்பது, ஒரு ரயிலின் நீளத்தை மட்டும் எடுப்பது.

ஒளியின் வேகத்தை நெருங்கும்போது இந்தக் கழித்தல் கைவிட்டுவிடும். எதிரெதிரே வரும் வேகங்கள் u, v என்றால் சார்பு வேகம் (u + v) ÷ (1 + uv/c²); c என்பது ஒளியின் வேகம். தரையைச் சார்ந்து தலா 0.6c வேகத்தில் வரும் இரு கலங்களுக்கு 1.2 ÷ 1.36, அதாவது 0.88c. ஒன்றின் இடத்தில் c-ஐப் போட்டுப் பாருங்கள்: மற்றது எதுவானாலும் விடை c-தான். வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்ற அந்த எண் எந்தக் குறிப்பாயத்திலும் அசையாது. ‘எல்லாமே சார்பு’ உடைந்துபோவது இங்கேதான். ரயில் கணக்கில் இந்தத் திருத்தம் 500 லட்சம் கோடியில் ஒரு பங்கு. தாராளமாக விட்டுவிடலாம்.

வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுவதாகவே அளவில் வரும். அந்த நேரக் கணக்குக்கு γ (காமா) = 1/√(1 − v²/c²); இதில் v சார்பு வேகம். இதில் பெருக்குவதா வகுப்பதா என்றுதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். எந்த இரு நிகழ்வுக்கு இடைப்பட்ட நேரம் வேண்டுமோ, அவை இரண்டுக்கும் நேரில் இருந்த ஒரே கடிகாரம் எது என்று முதலில் பாருங்கள். அது காட்டுவதே குறைந்த நேரம். மற்ற குறிப்பாயத்தில் அதை γ-ஆல் பெருக்க வேண்டும்.

மேல்வளிமண்டலத்தில் பிறந்து சீக்கிரமே சிதைந்துவிடும் மியூவான் என்ற நுண்துகள்களை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. ஒளி வேகத்திலேயே போனாலும் அதற்குள் 660 மீட்டர்தான் தாண்டும். ஆனாலும் ஏராளமானவை தரைவரை வருகின்றன. 0.998c-க்கு γ ஏறக்குறைய 15.8. பிறப்புக்கும் சிதைவுக்கும் கூடவே இருந்தது மியூவானின் ‘கடிகாரம்’. எனவே தரையில் நாம் அளக்கும் ஆயுள் சுமார் 35 மைக்ரோவினாடி, தூரம் 10 கி.மீ.க்கு மேல். மியூவான் பக்கத்திலிருந்து போட்டால் ஆயுள் அதே 2.2, ஆனால் அந்த 10 கி.மீ. காற்றடுக்கு γ-ஆல் வகுபட்டுச் சுமார் 630 மீட்டராகச் சுருங்கியிருக்கும். ஒரே பக்கக் கணக்கில் ஆயுளையும் நீட்டித் தூரத்தையும் சுருக்கினால் விடை 15.8 மடங்கு பிசகிவிடும்.