வியூக விளையாட்டுக்கு நாகரிகம் வடிவமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி வட்டாரத்து மாணவர்கள் உருவாக்கும் விளையாட்டு மோட்களை, அதாவது ஏற்கெனவே உள்ள கணினி விளையாட்டில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வது சில ஆண்டுகளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. அதுவரை ‘இந்தியர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டு 2022இல் அவிழ்த்து, திராவிடர், வங்காளியர், கூர்ஜரர், இந்துஸ்தானியர் எனத் தனித்தனி நாகரிகங்களாக, அதாவது ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் அணிகளாக, ஆக்கியதிலிருந்து, என்னிடம் வரும் கோப்புகளில் சோழரும் பல்லவரும் பெருகிவிட்டனர். ஆர்வம் நல்லதுதான். ஆனால் தொடக்கத்தில் நான் இடறிய அதே கற்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். அரசர் பெயரில் எழுத்துப்பிழை, போர் நடந்த ஆண்டு ஒன்றிரண்டு முன்பின்னாவது போன்றவற்றை ஒரு மாலைப்பொழுதில் திருத்திவிடலாம். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆண்டைத் தீர்மானிக்காமல் தொடங்குவது

அண்மையில் வந்த ஒரு சோழ நாகரிகத்தில் தலைவர் கரிகாலன். சிறப்பு யூனிட் (அந்த நாகரிகத்துக்கு மட்டுமே உரிய படை) ராஜேந்திரனின் போர்க்கப்பல். கோட்டைக்கு மாதிரி, எங்கள் ஊர் வேலூர்க் கோட்டை. குதிரைப்படைக்கு மாதிரி, அந்தக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் அவற்றின் மேல் இருக்கும் வீரர்களும். வயல்களில் மிளகாயும் நிலக்கடலையும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் இந்த மண்ணில் இருந்தவைதாம். ஆனால் எல்லாம் ஒன்றாக இருந்த நாள் ஒன்றுகூட இல்லை. கரிகாலன் சங்க காலத்தவன். விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தது ஏறத்தாழ 850இல். ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025இல். சோழ அரசு 1279ஐ ஒட்டி முடிந்துவிட்டது. வேலூர்க் கோட்டையும் மண்டபமும் விஜயநகரக் காலத்தவை, அதாவது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கீசியரின் கப்பல்கள் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பு ராஜராஜனே விரும்பியிருந்தாலும் அவருக்கு ஒரு மிளகாய் கிடைத்திருக்காது.

‘எல்லாம் தமிழர் வரலாறுதானே, சேர்ந்திருந்தால் என்ன குறை?’ என்று அந்த மாணவர் கேட்டார். குறை அழகில் இல்லை, விதிகளில் இருக்கிறது. 985 முதல் 1070 வரை என்று வைத்துக்கொண்டால் கப்பல் உண்டு, யானை உண்டு, வெடிமருந்து கிடையாது. முதன்மை எதிரி மேலைச் சாளுக்கியர். 1520 என்று வைத்துக்கொண்டால் பீரங்கி வந்துவிடுகிறது, எதிரிகள் மாறிவிடுகிறார்கள், கோட்டைச் சுவரின் தாங்குதிறனே வேறாகிறது. ஆண்டு தெரியாமல் ஒரு யூனிட்டின் விலையைக்கூட நியாயமாக நிர்ணயிக்க முடியாது. ஏனெனில் அது யாரோடு மோதப்போகிறது என்பதே தெரியாது. அதற்குள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் காலகட்ட வாரியாக ஓவியங்கள், ஒவ்வொரு வீரனுக்கும் நிற்க, நடக்க, தாக்க, விழ எனப் பல திசைகளில் அனிமேஷன்கள் என்று வேலை குவிந்துவிடும். கடைசி மாதத்தில் யாராவது ஆண்டைக் கேட்டால் பாதியைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

எழுத்தில் தீர்மானித்த ஆண்டையும் காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லப் போன இடத்தில் பார்த்தேன். களம் 1010ஆம் ஆண்டின் தஞ்சை என்று ஒப்புக்கொண்டு, ஓவியர்கள் பெரிய கோயிலைச் சரியாகவே வரைந்திருந்தார்கள்: கருவறை மேல் 200 அடிக்கும் உயர்ந்த விமானம், அதன் முன்னே அடங்கி நிற்கும் வாயிற்கோபுரங்கள். முடிக்கும் தறுவாயில் மேலாளர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘கோயில் என்றால் கோபுரமல்லவா தெரிய வேண்டும், திருவண்ணாமலை மாதிரி வையுங்கள்’ என்றார். திருவண்ணாமலையின் 217 அடிக் கிழக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது. தஞ்சைக் கோயிலுக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியது. சொன்னேன், எடுபடவில்லை. கோபுரம் வந்தது. அதன் அடித்தளம் பெரிது என்பதால் மதில் நகர்ந்தது. மதில் நகர்ந்ததால் தெரு குறுகி, யானைப்படை வாசலிலேயே சிக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அதைச் சரிசெய்ய வரைபடம் முழுவதையும் மறுபடி வரைந்தார்கள். பிறகு, கோபுரம்தான் வந்துவிட்டதே என்று இன்னொருவர் துப்பாக்கி வீரர்களையும் கேட்டார். விளையாட்டு வெளியானபோது தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, ‘எங்கள் கோயிலின் விமானம் எங்கே?’ என்பதுதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அது அறியாமையால் நேர்ந்ததில்லை, சரியாக இருந்ததைப் பணம் செலவழித்துக் கெடுத்தது.

ஆகவே ஓவியம் தொடங்குவதற்கு முன்பே தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, தலைநகர் என்ற மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இடைவெளி நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்ட வேண்டாம். தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் காலகட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடம், தனிப் படை கொடுங்கள். விளையாட்டின் சுவைக்காக அறிந்தே ஒன்றை மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. மாற்றியிருக்கிறோம் என்பதைக் கோப்பில் குறித்து வைத்தால் போதும்.

மெய்க்கீர்த்தியை வரைபடமாக்குவது

போளூரை அடுத்த திருமலைப் பாறையில் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவன் வெற்றிகளைப் புகழும் கல்வெட்டுப் பகுதி, இருக்கிறது. கங்கை வரை அவன் படை வென்ற நாடுகள் அதில் வரிசையாக வருகின்றன. அதைப் படித்ததும் அத்தனை நாடுகளுக்கும் சோழ நிறத்தைப் பூசிவிடுகிறார்கள். அரசனைப் புகழ எழுதியதை எல்லைப் பத்திரமாக வாசிக்கக் கூடாது. வென்று திரும்புவது வேறு, ஆள்வது வேறு. கடாரத்துக்குப் போன கப்பல்களும் திரும்பி வந்தன. விளையாட்டில் இதைப் பொன்னும் புகழும் தரும் சூறையாடலாக வையுங்கள், நிலம் தரும் வெற்றியாக வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. 949இல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் நடந்த போரில் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே உயிரிழந்தான். அதன்பின் சில ஆண்டுகள் எங்கள் வட்டாரம் அடங்கிய தொண்டை மண்டலம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கையில் இருந்தது. ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ என்று தமிழிலேயே கல்வெட்டுகள் வெட்டினார்கள். கோயிலுக்குக் கொடை கொடுப்பதும் நிற்கவில்லை. நிறம் மாறிய மறுகணமே மக்களின் பண்பாட்டையும் மாற்றிவிடும் விளையாட்டு விதி, எங்கள் பகுதிக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை.

போர் என்றால் பேரரசர்கள் மட்டுமே

பழைய வட ஆற்காட்டின் செங்கம் பகுதியில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். அவற்றில் பல, தொறு (மாட்டு மந்தை) கவர்ந்தபோதும் தொறு மீட்டபோதும் இறந்தவர்களுக்கு எடுத்தவை. எடத்தனூர்க் கல்லைப் போய்ப் பாருங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கும்போது இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல் அது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியாக எழுதியிருக்கிறார்கள். ஆட்சியாண்டு அரசனுடையது, சண்டை ஊருடையது. ஆனால் மோட்களில் மாடு வெட்டி உணவாக்கும் பொருளாக மட்டுமே வருகிறது. மந்தையே செல்வம், மந்தைக்காகவே தொடக்கக் காலச் சண்டைகள், இறந்தவனுக்குக் கல் நட்டால் அந்த ஊரின் காவல் கூடும் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். இந்த வட்டாரத்தின் வரலாறு தானாகவே விளையாட்டுக்குள் வந்துவிடும்.

உறுமி

சாட்டைபோல் வளையும் இந்த நீண்ட வாளை ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் கொடுக்காதீர்கள். சுழற்றும்போது பக்கத்தில் நிற்பவன் யார் என்று யோசியுங்கள்.

கொடி

சோழருக்குப் புலி உறுதி, திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் இரு மீன்களோடும் வில்லோடும் இருக்கிறது. மற்றபடி நிறம் உங்கள் விருப்பம்.

ஏரி இல்லாத வயல்

கிராமத்தான் ஒருவனை அனுப்பி, வெற்று நிலத்தில் எங்கே வேண்டுமானாலும் வயல் அமைக்கும் முறை மழை நிறைந்த நாடுகளுக்குச் சரி. பாலாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களை எண்ணி வாழும் நமக்குச் சரிவராது. மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது, அது மகேந்திர தடாகத்தின் கரையில் இருக்கிறது என்பதையும் கல்வெட்டில் சேர்த்தே சொன்னான். காவேரிப்பாக்கத்தின் பெரிய ஏரியும் பல்லவர் காலத்ததுதான். உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு (ஏரியைக் கவனிக்கும் ஊர்க்குழுவுக்கு) ஆள் தேர்ந்தெடுக்கும் முறை விரிவாக உள்ளது. எனவே ஏரி கட்டிய பிறகே வயல், தூர் வாராவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் குறையும், வாரிய வேலைக்கு ஆள் ஒதுக்க வேண்டும் என்று வைத்தால், எந்தச் சிறப்புப் போர்வீரனையும்விடத் தமிழ்த்தன்மை அதில் அதிகம்.

குதிரையை லாயத்தில் உற்பத்தி செய்வது

தமிழகத்துக்கு நல்ல போர்க்குதிரைகள் கடல்வழியாகவே வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெருவிலை கொடுத்து வாங்கியதையும், முறையாகப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை மாண்டதையும் எழுதியிருக்கிறார். விளையாட்டில் இதைக் கொண்டுவருவது எளிது: குதிரை வீரனுக்கு உணவுக்குப் பதில் பொன்னை விலையாக வையுங்கள், லாயத்துக்குப் பதில் துறைமுகத்திலிருந்து இறக்குங்கள், போரில் இறங்காவிட்டாலும் குதிரைகளின் எண்ணிக்கை மெல்லக் குறையட்டும். எதிரியின் துறைமுகத்தை மறித்தால் அவனுடைய குதிரைப்படை சில நிமிடங்களில் தேய்ந்துவிடும்.