பிடித்த படத்தை மறுபடி பார்க்கும்போது முன்குறிப்புகளை (பின்னால் வரப்போவதை முன்பே காட்டும் சாடைகளை) பிடிப்பது எப்படி?

அடுத்து என்ன நடக்குமோ என்ற பதைப்பு அடங்கிய பிறகுதான் கண் மற்றதைக் கவனிக்கும். அதனால் கடைசிக் காட்சியை முதலில் போட்டு, படம் எதில் முடிகிறது என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முதல் 15 நிமிடத்தைப் பாருங்கள். நல்ல இயக்குநர்கள் விதையை அங்கேதான் போடுவார்கள்.

‘கபாலி’ (2016) நம்ம மலேசியாவில் நடக்கும் கதை, அதிலேயே பழகலாம். சிறையிலிருந்து வெளியே வரும்போதே கபாலி கோட்டு சூட்டில் இருக்கிறார். அங்கே அது ரஜினி ஸ்டைல், அவ்வளவுதான். பிறகு காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டு போட்டதற்கும் காரணம் உண்டு என்ற பேச்சு வருகிறது. ‘கோட்டு போடுவேன்’ என்பதே வில்லனுக்கான பதிலாகவும் ஆகிறது. குறியீடு என்றால் இப்படி மறுபடி மறுபடி வர வேண்டும், வரும்போதெல்லாம் கனம் கூட வேண்டும். ஒரே தடவை வந்து போகும் சிவப்புச் சேலைக்கு அர்த்தம் தேடி மெனக்கெட வேண்டாம்.

நோட்டில் நிமிடம், பொருள் அல்லது வசனம், யார் கையில் அல்லது வாயில் என்று மட்டும் குறியுங்கள். அர்த்தத்தை உடனே எழுதிவிட்டால், அதற்குச் சாட்சி தேடுவதிலேயே மீதிப் படம் போய்விடும். கனமான வசனத்தைவிட, விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போகும் வசனத்தைத்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

மலாய் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். தமிழ் புரிந்தாலும் கண் எழுத்துக்கே ஓடும். நடிகர் கையில் இருப்பது தப்பிவிடும். இங்கே தியேட்டரில் பெரும்பாலும் இடைவேளை விடாமல் ஓட்டுவதால், அந்த இடம் நமக்குப் பதிவதே இல்லை. வீட்டில் ‘இடைவேளை’ என்று வந்ததும் நிறுத்தி, அதற்கு முந்தைய காட்சியை இன்னொரு முறை பாருங்கள். தமிழ்ப் படத்தில் பாதிக் கதையின் முடிச்சு அங்கேதான் விழும்.

எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பதையும் நோட்டின் தலைப்பிலேயே எழுதுங்கள். ‘கபாலி’ தமிழ்நாட்டில் இருண்ட திரையில் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. மலேசியப் பதிப்பிலோ கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்து போட்டார்கள். கூண்டைத் திறந்து பறவையை விடும் காட்சியை இரண்டு முடிவோடும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் அது எச்சரிக்கை, இன்னொன்றில் கேள்வி.