ஆய்வுக் கோப்புகளுக்கு பேக்கப்: வேறு கணினியில் திறந்தால்தான் கணக்கு

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறவர்களிடம் "பேக்கப் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். பென்டிரைவில் ஒரு காப்பி, மெயிலில் ஒரு காப்பி, வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொண்டது ஒன்று. ஆனால் அந்தக் காப்பியை இன்னொரு கணினியில் போட்டுத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். பழைய ஃபான்ட், நீளமான தமிழ்க் கோப்புப் பெயர், கூகுள் டாக்ஸ் என்று, காப்பி கையில் இருந்தும் திறக்காமல் போக ஏகப்பட்ட வழிகள் உண்டு. என் கோப்புகளுக்கும், துறையில் கூடப் படிக்கிற சிலருடைய கோப்புகளுக்கும் பேக்கப் ஏற்பாடு செய்தபோது இவை ஒவ்வொன்றாக எதிர்ப்பட்டன. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விண்டோஸ் கணினி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், பல்கலைக்கழகம் தந்த கூகுள் கணக்கு மூன்றும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள்

டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோட்ஸில் பாதி என்று கிடந்தால் எந்த மென்பொருளாலும் உதவ முடியாது. 'ஆய்வு' என்று ஒரே ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் நகர்த்துங்கள். கல்லூரி ஆய்வகக் கணினியில் வேலை செய்கிறவர்கள் மட்டும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல ஆய்வகங்களில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டிருப்பார்கள். ரீஸ்டார்ட் செய்ததும் கணினி பழைய நிலைக்குப் போய்விடும், டெஸ்க்டாப்பில் சேமித்தது இருக்காது. எந்த டிரைவில் சேமித்தால் நிற்கும் என்று ஆய்வக உதவியாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

படி 2: கூகுள் டாக்ஸை உண்மையிலேயே இறக்குங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூகுள் டிரைவ் மென்பொருளைக் கணினியில் நிறுவியிருந்தால் தனியாக ஒரு டிரைவ் தெரியும். உங்கள் இயல்கள் எல்லாம் அதில் பெயரோடு வரிசையாக நிற்கும். அப்படியே இழுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டால் ஒரு நொடியில் காப்பி ஆகிவிடும். அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட வேண்டும். கோப்பை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். நூறு பக்க இயலாக இருந்தாலும் அளவு ஒரு கேபி அளவில்தான் காட்டும். காரணம், நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட அதற்குள் இல்லை. இணையத்தில் அந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கிறது. படிப்பு முடிந்து கணக்கை மூடிவிட்டால் அந்த முகவரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சரியான வழி கூகுள் டேக்அவுட், அதாவது கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் சேவை. பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்து டேக்அவுட் பக்கத்துக்குப் போங்கள். எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு டிரைவை மட்டும் டிக் செய்யுங்கள். ஆவணங்கள் வேர்டு வடிவத்தில் வருகின்றனவா என்று ஃபார்மட் பட்டனில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிப் அளவை 2 ஜிபி என்றே விடுங்கள். பழைய பென்டிரைவ்கள் ஃபேட்32 அமைப்பில் இருக்கும், அவற்றில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. தயாரானதும் மெயிலில் இணைப்பு வரும். அது ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், வந்த அன்றே இறக்கிவிடுவது நல்லது.

சில பல்கலைக்கழகங்களில் டேக்அவுட்டை அட்மின் முடக்கி வைத்திருப்பார். அப்போது பிரவுசரில் டிரைவைத் திறந்து, ஃபோல்டரை வலது கிளிக் செய்து டவுன்லோட் கொடுங்கள். அதுவும் டாக்ஸை வேர்டு கோப்பாக மாற்றி ஜிப்பில் தரும்.

இரண்டு வழியிலும் விடுபட்டுப் போவது, மற்றவர்கள் உங்களோடு பகிர்ந்த ஆவணங்கள். நெறியாளர் தன் கணக்கில் உருவாக்கி அதில் திருத்தம் எழுதியிருந்தால் அது உங்கள் டிரைவில் இல்லை. 'மேக் எ காப்பி' கொடுத்து முதலில் உங்களுடையதாக்குங்கள், அப்புறம் இறக்குங்கள்.

"கணக்கு எங்கே போகப்போகிறது?" என்று நினைக்க வேண்டாம். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் கொடுத்துவந்த இடத்தை கூகுள் 2022-இல் நிறுத்தியது. இப்போது ஒரு நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட்தான் அடிப்படை ஒதுக்கீடு. படித்து முடித்தவர்களின் கணக்கை மூடுவதற்கு இப்போது ஒரு காரணமும் இருக்கிறது.

படி 3: ஃபான்ட்டையும் சேர்த்து எடுங்கள்

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடை தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன் தட்டச்சு செய்த ஆய்வேடுகள், டிடிபி மையங்களில் அடித்து வாங்கிய பக்கங்கள் எல்லாம் பாமினி, வானவில், டாம், டாப் என்று ஏதாவதொரு பழைய ஃபான்ட் முறையில் இருக்கும். இவற்றில் எழுத்து வேறு, ஃபான்ட் வேறு என்று பிரிக்க முடியாது. ஃபான்ட் இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு.

ஆகவே 'ஆய்வு' ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பயன்படுத்திய ஃபான்ட் கோப்புகளை அதில் வையுங்கள். புதிய விண்டோஸில் சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால் ஃபான்ட் உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேடிக் கிடைக்கவில்லை என்றால் அங்கே பாருங்கள். வேர்டில் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் ஃபான்ட்டைக் கோப்போடு பதிக்கும் வசதியும் உண்டு. ஆனால் ஃபான்ட்டைச் செய்தவர் அனுமதித்திருந்தால்தான் அது வேலை செய்யும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

நேரம் இருந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றி, மூலத்தையும் மாற்றியதையும் இரண்டையுமே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது இடையில் வருகிற ஆங்கிலச் சொற்கள் சிதையும், ஒரு முறை கண்ணோட்டிப் பார்க்க வேண்டும். முடித்த இயல்களை பிடிஎஃப்/ஏ வடிவத்தில் ஒரு பிரதி எடுப்பதும் என் வழக்கம். ஃபான்ட் உள்ளேயே பதிந்திருப்பதால் எங்கே திறந்தாலும் அதே தோற்றம் வரும்.

படி 4: கோப்புப் பெயரைச் சுருக்குங்கள்

துறையின் பொதுச் சேமிப்பகம் லினக்ஸில் ஓடினால் இது கட்டாயம். விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறியீடுகள் வரை ஏற்கும். லினக்ஸ் 255 பைட் வரைதான் ஏற்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். அதாவது 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். புள்ளியும் துணைக்குறியும் தனிக் குறியீடுகள். 'பல்கலைக்கழகம்' என்பது கண்ணுக்கு 9 எழுத்து, கணினிக்கு 13 குறியீடு, 39 பைட். ஆய்வுத் தலைப்பை முழுசாகக் கோப்புப் பெயராக வைத்தால் விண்டோஸில் நன்றாகத் திறக்கிற கோப்பு சர்வரில் ஏறாது. 'இயல்3_2024-08-12' மாதிரி வையுங்கள், போதும்.

படி 5: ஃப்ரீஃபைல்சிங்க்

கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி எடுக்கும் மென்பொருள் இது. இலவசம், இடது பக்கம் கணினி, வலது பக்கம் ஹார்ட் டிஸ்க் என்று என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டும். விண்டோஸோடு வரும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரியைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. காப்பியான கோப்பு சாதாரணக் கோப்பாகவே இருக்கும், திறக்கத் தனி மென்பொருள் தேவையில்லை.

வேர்டை மூடுங்கள், இரண்டு ஃபோல்டரையும் காட்டுங்கள், கம்பேர் அழுத்துங்கள். சிங்க்ரனைஸ் அழுத்துவதற்கு முன் அதன் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் திறந்து 'மிரர்' வேண்டாம், 'அப்டேட்' என்று மாற்றுங்கள். மிரரில், கணினியில் தவறி அழிந்த இயல் ஹார்ட் டிஸ்கிலும் அழியும். அதே திரையில் வெர்ஷனிங் தேர்ந்தெடுத்து, பெயரிடும் முறையை 'டைம் ஸ்டாம்ப்' என்று வைத்து, ஹார்ட் டிஸ்கிலேயே 'பழையவை' என்று ஒரு ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள். மேலெழுதப்படும் பழைய வடிவங்கள் தேதியோடு அங்கே சேரும். நெறியாளர் "முன்னாடி எழுதினதே நல்லா இருந்துச்சே" என்று சொல்லும்போது இது கைகொடுக்கும்.

அழிக்கும் உரிமையைத் தானியங்கி நிரலிடம் கொடுப்பதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் நிரலே சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவை அழித்துவிட்டது. பழைய லாக் கோப்புகளை நீக்குவதற்கான நிரல் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் புதுப்பித்ததில் வந்த வினை. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன, அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை.

வேலை முடிந்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது கணினியில் இருப்பதும் டிஸ்கில் இருப்பதும் சேர்ந்தே போகும்.

படி 6: இன்னொரு காப்பி வேறு ஊரில்

ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்கும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு காப்பிக்குச் சமம்தான். 2015 சென்னை வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்தவை என்னவாயின என்று பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி ஊரில் வீட்டில் வையுங்கள், விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் புதுப்பியுங்கள்.

படி 7: திறந்து பாருங்கள்

உங்கள் ஃபான்ட்டும் உங்கள் கூகுள் கணக்கும் இல்லாத ஒரு கணினி வேண்டும். நண்பருடையது போதும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஹார்ட் டிஸ்கின் 'ஃபான்ட்' ஃபோல்டரிலிருந்து ஃபான்ட்டை நிறுவி, ஒரு பழைய பாமினிக் கோப்பு, டிரைவிலிருந்து இறக்கிய ஓர் இயல், ஓர் ஓலைச்சுவடிப் படம் மூன்றையும் திறந்து பாருங்கள். படத்தைப் பெரிதாக்கி எழுத்து படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி மீட்டதாக இருந்தால் தரம் குறைந்திருக்கும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் மூலம் அப்படியே வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன என்று கேட்டார். எதையும் கிளிக் செய்யாதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே 'ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள், அதை எடுக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். வேண்டியதைக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். கடைக்கு எடுத்துப்போக பிடிஎஃப் மட்டும் போட்ட தனி பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், பேக்கப் டிஸ்கைக் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.