காந்தத் துடிப்புக் கருவி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஐப்பசி மழையில் குளச்சல் பக்கத்து வீடொன்றில் இருந்து ஒரு கருவி என் மேசைக்கு வந்தது. கணுக்கால் வலிக்கு வாங்கிய காந்தத் துடிப்புக் கருவி; பி.இ.எம்.எஃப். என்று சொல்வார்களே, அதுதான். கம்பிச்சுருளில், அதாவது காயிலில், விட்டுவிட்டு மின்சாரம் செலுத்தி, வலியுள்ள இடத்தில் காந்தப் புலத்தைத் துடிக்கவிடும் கருவி. அந்தக் காயிலை வைத்துத் தைத்த பட்டையின் ஒரு பக்கம் உருகிப் பழுப்பேறி இருந்தது. அதைக் கட்டியிருந்த பாட்டிக்குச் சர்க்கரை நோய், மரத்துப்போன கால். சூடு ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் பேரன்தான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான். நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று.

திறந்து பார்த்தால், காயிலுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது என்ன நடக்கும் என்று மட்டும் கணக்குப் போட்டுக் கருவி செய்வதுதான் முதல் தவறு. காயிலின் தடை 1 ஓம், துடிப்பின்போது 10 ஆம்பியர் என்று வையுங்கள். அந்த நேரத்தில் 100 வாட் வெப்பம். நூறில் ஒரு பங்கு நேரம்தான் ஓடுகிறது என்றால் சராசரி 1 வாட், கை வைத்தால் இளஞ்சூடுகூட இருக்காது. ஆனால் மாஸ்ஃபெட் கெடும்போது பெரும்பாலும் அறுந்துபோவதில்லை, ஒட்டிக்கொள்கிறது. அப்போது அந்த 1 வாட், 100 வாட்டையும் தாண்டும். மைக்ரோகன்ட்ரோலர் ஹேங் ஆகி சிக்னல் மேலேயே நின்றுவிட்டாலும் இதே கதிதான். இடிமின்னலும், கரண்ட் போய்ப்போய் வருவதும் நமக்குப் புதிதா என்ன?

காயிலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மாஸ்ஃபெட் போடுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது நிறுத்தும். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் சிக்னலைச் சின்ன பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கொடுத்தால், உறைந்து நிற்கும் சிக்னல் அதைத் தாண்டிப் போகாது. அப்புறம், காயில் சுற்றுக்குள்ளேயே கம்பியைத் தொட்டபடி, சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் ஒரு தெர்மல் ஃப்யூஸ். வெப்ப சென்சாரைப் படித்துப் புரோகிராம் நிறுத்திவிடும் என்பவர்களுக்கு என் பதில்: அந்தப் புரோகிராம்தானே ஹேங் ஆகிறது? மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 தரநிலை, 10 நிமிடமோ அதற்கு மேலோ உடலில் படும் பாகத்துக்கு 43 டிகிரி செல்சியஸ் வரை இடம் தருகிறது. 41-ஐத் தாண்டினால் அதைக் கையேட்டில் சொல்லியாக வேண்டும். மரத்த கால்களை மனதில் வைத்து, நான் 41-லேயே நிறுத்தச் சொல்வேன்.

அடுத்தது மின்சாரத்தை நிறுத்தும் கணம். 1 மில்லிஹென்றி காயிலில் ஓடும் 10 ஆம்பியரை 10 மைக்ரோ விநாடியில் வெட்டினால் 1000 வோல்ட் எகிறும். 100 வோல்ட் தாங்கும் ஐ.ஆர்.எஃப். 540 மாஸ்ஃபெட் அதில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? இதற்குப் பயந்து பலர் காயிலுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு போட்டுவிடுகிறார்கள். மாஸ்ஃபெட் பிழைக்கும். ஆனால் மின்சாரம் டயோடு வழியே சுற்றிச்சுற்றி மெதுவாக அடங்கும். உடலுக்குள் மின்புலத்தைத் தூண்டுவது காந்தப் புலம் மாறும் வேகம். ஃபாரடே விதி அதுதான். மெதுவாக அடங்கினால் துடிப்பின் பின்பாதி வீண், அதோடு காயிலும் சூடாகிறது. அதே மின்சாரத்தை 100 வோல்ட் எதிர் மின்னழுத்தத்தில் அடங்கவிட்டால் சுமார் 100 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் காயிலில் தேங்குவது 0.05 ஜூல், நொடிக்கு 50 துடிப்பு என்றால் 2.5 வாட். மேலே சொன்ன இரண்டு மாஸ்ஃபெட்டோடு இரண்டு டயோடு சேர்த்தால், அதில் பெரும்பகுதி, துடிப்புக்கான மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டருக்கே திரும்பி, அடுத்த துடிப்புக்கு உதவும். பாதுகாப்பும் சிக்கனமும் ஒரே சர்க்யூட்டில் கிடைப்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு.

விலை குறைக்க எல்.இ.டி. டிரைவரைப் பவர் சப்ளையாக வைப்பவர்களும் உண்டு. அவற்றில் பல, மெயின்ஸ் கரண்டில் இருந்து பிரிக்கப்படாதவை. நோயாளியின் உடலுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே 4000 வோல்ட் சோதனையைத் தாங்கும் இரட்டைக் காப்பு வேண்டும், போர்டில் 8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இந்த இடைவெளி நம் குமரி மாவட்டக் கடற்கரையில் இன்னும் முக்கியம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்து உப்புக்காற்று படிந்த போர்டில், ஈரம் ஏறியதும் அந்த இடைவெளியே கம்பி மாதிரி ஆகிவிடும். போர்டுக்கு நல்ல பூச்சு கொடுங்கள். காயில் கட்ட மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரரிடம் போங்கள். வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைக்க அவருக்குத் தெரியும். தளர்ந்த சுற்றுகள் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிர்ந்து உரசும், எனாமல் தேயும், சுற்றோடு சுற்று ஷார்ட் ஆகும்.

காந்தப் புலத்தின் அளவு எத்தனை காஸ் (gauss) என்று பெட்டியில் போடும் எண்ணிலும் தவறு நடக்கிறது. காயிலின் மையத்தில் அளந்ததைப் போட்டுவிடுகிறார்கள். 5 செ.மீ. ஆரமுள்ள, 100 சுற்றுக் காயிலில் 1 ஆம்பியர் ஓடினால் மையத்தில் சுமார் 12.6 காஸ். அங்கிருந்து 5 செ.மீ. ஆழத்தில் அதில் 35 சதவீதம்தான், 10 செ.மீ. ஆழத்தில் 9 சதவீதம். ஆழம் வேண்டுமென்றால் மின்சாரத்தை ஏற்றாமல் காயிலைப் பெரிதாக்குங்கள். அளக்கும்போது பூமியின் புலத்தைக் கழிக்க மறக்காதீர்கள். நம் ஊரில் அது ஏறத்தாழ 0.4 காஸ். காந்த நடுக்கோடு பக்கத்திலேயே போவதால் கிட்டத்தட்டப் படுக்கையாகவே இருக்கும்.

பேஸ்மேக்கர் 10 காஸ் அளவுப் புலத்திலேயே தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளக்கூடும். காது உள்வைப்புக் கருவி, இன்சுலின் பம்ப் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தக் கருவி ஆகாது. எச்சரிக்கையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் புதைக்காமல் பட்டையிலேயே தைத்துவிடுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். விளவங்கோடு பக்கம் மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உண்டு.

வலி என்றால் வர்ம ஆசானைத் தேடிப் போகிற ஊரில் புதுக் கருவிக்கும் மரியாதை உண்டு. அந்த நம்பிக்கையை வைத்துப் புற்றுநோயும் சர்க்கரையும் குணமாகும் என்று விளம்பரம் செய்வது மருந்து, மாய வைத்திய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அமெரிக்காவில் 1979-இல் இந்த வகைக் கருவிக்கு அனுமதி கிடைத்தது, கூடாமல் நின்ற எலும்பு முறிவுக்கு. விற்பனைக்குச் செய்வதென்றால் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் எடுக்க வேண்டும்.

உரிமத்துக்கு அனுப்பும் முன் ஒரு சோதனையை நீங்களே செய்யுங்கள். பட்டையை மேசையில் வைத்து, வெப்பமானி ஒட்டி, துணியால் மூடுங்கள். பிறகு ஒரு மாஸ்ஃபெட்டை வேண்டுமென்றே கம்பி வைத்து ஷார்ட் செய்துவிட்டு, அரைமணி நேரம் அந்த எண்ணையே பாருங்கள்.