பிக்கப் வண்டியின் பின்பக்கத்தை 2 அங்குலம் உயர்த்துவது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபம், இராமேசுவரம், தொண்டி பக்கம் ஐஸும் மீன் பெட்டியும் ஏற்றும் பிக்கப்புகள் பலவும் அப்போது வாசலில் சும்மா நிற்கும். வண்டிக்கு அடியில் படுத்து நிதானமாக வேலை பார்க்க ஏற்ற காலம் அதுதான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பட்டைக்கும் (லோடைத் தாங்கும் வளைந்த எஃகு ஸ்பிரிங்) ஆக்சிலுக்கும் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) நடுவே இரும்புக் கட்டை வைத்தால் சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) அதன் மேல் இருப்பவையும் மட்டுமே உயரும். ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை பழைய இடத்திலேயே தொங்கும். அது இன்று மணலை உழுகிறது என்றால் கட்டை வைத்த பிறகும் உழும். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. 2 அங்குலம் உயரம் கூடிய டயர் போட்டால் உருண்டை 1 அங்குலம் ஏறும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் வரை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு வேன்களும் ஜீப்புகளும் மணலில்தான் போய்வந்தன. அப்படிப்பட்ட மணலில் டயர் காற்றைக் குறைப்பது தரும் பலனில் பாதிகூடக் கட்டை தராது. மணல் மேட்டில் ஏறி இறங்கும்போது வால் பக்கம் இடிக்கிறது, டயர் மட்கார்டில் உரசுகிறது என்றால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள்.

இன்னொன்று, சட்டம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அளவு எடுத்தல்

வண்டியைக் காலியாக, சமமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். பின்னால் இரண்டு பக்கமும் அளவு வேறுபட்டாலோ, காலி வண்டியிலேயே பட்டை வளைவில்லாமல் தட்டையாகக் கிடந்தாலோ பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். தளர்ந்த பட்டைக்குக் கட்டை மருந்தல்ல. பட்டறையில் கொடுத்துப் புதிதாக வளைத்தோ, கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தோ வாருங்கள். பல வண்டிகளுக்கு அதிலேயே தேவையான உயரம் கிடைத்துவிடும்.

பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஆக்சிலுக்குக் கீழே பட்டை இருக்கும் வண்டியில் கட்டை வைத்தால் வண்டி உயராது, தாழும்.

வாங்க வேண்டியவை

2 அங்குல உயர வார்ப்பிரும்பு அல்லது எஃகுக் கட்டை இரண்டு, பட்டையை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் புது யூ போல்ட் நான்கு (பக்கத்துக்கு இரண்டு), அவற்றுக்குரிய நட்டுகள். யூ போல்ட்டின் கம்பித் தடிமனும் உள் அகலமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கால் நீளம் மட்டும் கட்டையின் உயர அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். மரக்கட்டை கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்கவே கூடாது. முன் ஆக்சிலுக்கும் இந்தக் கட்டையை நினைக்காதீர்கள். ஸ்டீயரிங் அங்கே இருக்கிறது.

கழற்றி மாட்டுதல்

முதல் நாள் மாலையே யூ போல்ட் நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் அடித்து விடுங்கள். உப்புக் காற்று அடிக்கும் நம் ஊரில் நட்டும் போல்ட்டும் ஒரே இரும்பாகிக் கிடக்கும். அசையவில்லையென்றால் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும். அதைத் திரும்பப் போடுவதில்லை.

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக் கொடுங்கள். தரை மணலாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். வண்டியைத் தூக்கி, பின் பட்டையின் முன் கண்ணுக்கு (பட்டை சேஸிஸோடு மாட்டியிருக்கும் முன்முனை வளையம்) முன்னால் சேஸிஸுக்கு இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களைக் கழற்றுங்கள். செங்கல்லையும் பனந்துண்டையும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. செங்கல் சொல்லாமல் உடையும்.

இன்னொரு ஜாக்கியால் ஆக்சிலைத் தாங்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் யூ போல்ட்டையும் கழற்றி ஆக்சிலை மெல்ல இறக்குங்கள். அப்போது உங்கள் கண் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) மேல் இருக்கட்டும், அது இழுபடக் கூடாது.

கட்டையின் அடியில் ஒரு முளை, மேலே ஒரு குழி இருக்கும். முளை ஆக்சில் மேடையின் துளைக்குள் இறங்க வேண்டும். பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை மேல் குழிக்குள் உட்கார வேண்டும். துளையில் அப்பியிருக்கும் மண்ணையும் துருவையும் கம்பிப் பிரஷால் சுரண்டிவிட்டு வையுங்கள். ஆக்சிலை மேலே ஏற்றியதும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் கட்டை உட்காரவில்லை. இறக்கி மறுபடி வையுங்கள். அப்படியே இறுக்கினால் ஓடும்போது ஆக்சில் நகர்ந்துவிடும்.

நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மறுபக்கமும் முடிந்து, சக்கரம் மாட்டி, வண்டியின் எடை தரையில் இறங்கிய பின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கடைசி இறுக்கு.

பிரேக்: பலரும் மறப்பது

பட்டை உள்ள பல பிக்கப்புகளில் சேஸிஸில் ஒரு பிரேக் வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறி சேஸிஸ் தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளி, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். கட்டை வைத்ததும் சேஸிஸ் உயர்ந்துவிடுவதால் வால்வு வண்டி காலி என்றே எண்ணிக்கொள்ளும். முழு லோடிலும் பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும்.

இதை நான் பாம்பன் சாலைப் பாலத்தின் இறக்கத்தில் கற்றேன். ஐஸ் லோடு, வண்டியின் மூக்கு குனிகிறது, பின்பக்கம் தள்ளிக்கொண்டே வருகிறது. அன்றைக்கு முன்னால் யாரும் இல்லாதது என் பாக்கியம். வீட்டுக்கு வந்து கம்பி ஆக்சிலில் மாட்டும் கிளிப்பை, கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு மேலே ஏற்றிப் பொருத்திய பிறகே அது சரியானது. இந்த ஒரு வேலையை மட்டும் பிரேக் தெரிந்த மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பின் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர் மூன்றும் விறைக்காமல் தளர்வாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். ஹோஸ் விறைத்தால் நீளமானதை மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்த்தல்

காலி வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறும்போது வண்டிக்குள் காலடியில் அதிர்வு தெரிந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (இன்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) கோணம் மாறியிருக்கிறது. சரிவாக அறுத்த கட்டை போட வேண்டிவரும். வால் உயர்ந்ததால் முகப்பு விளக்கின் ஒளி கீழே விழும், அதையும் சரிசெய்யுங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், 500இல் இன்னொரு முறை. கடற்கரை மணலில் இறங்கி வந்த ஒவ்வொரு நாளும் கட்டையின் இடுக்கிலும் நட்டுகளிலும் நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவி, காய்ந்ததும் நட்டு மரைகளில் கிரீஸ் தடவி வையுங்கள். அடுத்த தடைக்காலத்தில் கழற்ற வேண்டி வந்தால் ரம்பம் தேவைப்படாது.