பட்டாணி விதை மண்ணிலேயே அழுகிப் போகிறதா? இப்படிப் போட்டுப் பாருங்கள்

மூன்று முறை பட்டாணி போட்டேன், மூன்று முறையும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கடைசியில் தோண்டிப் பார்த்தால் விதை போட்ட இடத்தில்தான் இருந்தது, ஆனால் விரலால் எடுத்ததும் மாவாக நசுங்கிப் புளித்த வாடை அடித்தது. முளைக்கட்டும் என்று காலையும் மாலையும் பூவாளியில் ஊற்றிக்கொண்டே இருந்தேன், அதுதான் விதையைக் கொன்றிருக்கிறது. நான்காவது முறை தண்ணீரை நிறுத்தினேன். 30 விதையில் 27 முளைத்தன.

முதலில் பருவம். பட்டாணி குளிர் கேட்கும் செடி. பகலில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் செழித்து வளரும், 30ஐத் தொட்டால் பூ உதிர ஆரம்பித்துவிடும். விதைத்ததிலிருந்து பறிக்க 60 முதல் 70 நாள் ஆகும், அதனால் உங்கள் பக்கம் வெயில் ஏறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளை முடிவு செய்யுங்கள். மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். மக்கிய உரம் கொஞ்சம் கலக்கலாம், யூரியா மட்டும் வேண்டாம். தழைச்சத்து கூடினால் கொடி பச்சைப்பசேலென்று ஓடும், காய் பிடிக்காது.

விதை வாங்கும்போது அதன் தோலைப் பாருங்கள். உருண்டையாக வழவழவென்று இருப்பது ஒரு வகை, சுருங்கிக் கிடப்பது இன்னொரு வகை. 1850களில் மரபியலின் முன்னோடியான மெண்டல் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட அதே வேறுபாடுதான் இது. சுருங்கிய விதையில் சர்க்கரை அதிகம், காய் இனிக்கும், ஆனால் தண்ணீரை நிறைய இழுத்துக்கொள்வதால் ஈரத்தில் சீக்கிரம் அழுகும். முதல்முறை போடுபவர்கள் உருண்டை விதையில் தொடங்குவது நல்லது. மருந்து பூசிக் கலர் கலராக வரும் விதையை ஊறவைக்காமல் அப்படியே போட வேண்டும்.

இனி ஊறவைப்பதற்கு வருவோம். இரவு போட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள், 8 மணி நேரம் போதும், 12ஐத் தாண்டவே கூடாது. விதையும் மூச்சு விடுகிறது, தண்ணீருக்குள் கிடந்தால் அதற்குக் காற்று கிடைக்காது. எடுத்த விதையைப் பிழிந்த ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எள் அளவுக்கு எட்டிப் பார்க்கும், அப்போதே மண்ணுக்குப் போக வேண்டும். நீள விட்டால் கை பட்டதும் ஒடியும்.

விதைப்பதற்கு முந்தைய நாளே மண்ணை நனைத்து வைத்துவிடுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்னொரு நாள் பொறுங்கள். விதைக்கு விதை 5 சென்டிமீட்டர் விட்டு, 3 சென்டிமீட்டர் ஆழத்தில், வேர் கீழே பார்க்க வைத்து மூடுங்கள். அப்புறம் முளை தெரியும் வரை பூவாளியைத் தொடாதீர்கள்! மேல்மண் வெளுத்துத் தெரியும், மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. விரலை இரண்டு கணு விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கும். அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் லேசாகத் தெளியுங்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் முளை கொக்கி மாதிரி வளைந்து மேலே வரும். நத்தையோ குருவியோ அந்தத் தளிரைக் கடித்துவிட்டாலும் உடனே பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். பட்டாணியின் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், அங்கிருந்து பெரும்பாலும் புதுத் தளிர் கிளம்பும்.

செடி ஒரு சாண் வருவதற்குள் ஊன்றுகோல் வைத்துவிட வேண்டும். பலர் தடிமனான மூங்கிலை நட்டுவிட்டு, கொடி ஏறவில்லையே என்கிறார்கள். பட்டாணி தண்டால் சுற்றி ஏறுவதில்லை, இலை நுனியில் இருக்கும் பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுகிறது, அதற்குப் பென்சிலை விட மெல்லிய பிடிதான் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், குச்சி பட்ட ஒரு மணி நேரத்துக்குள் வளைய ஆரம்பித்துவிடுகிறது. பிளாஸ்டிக் வலையை விட, கிளை கிளையாகப் பிரிந்த காய்ந்த சுள்ளிதான் எனக்குப் பிடிக்கும். அறுவடை முடிந்ததும் கொடியோடு சேர்த்து அப்படியே மக்க விடலாம்.

பூ வந்ததும் தண்ணீர் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். இப்போது காயவிட்டால் காய் நிரம்பாது, வேரடியில் தவறாமல் ஊற்றுங்கள். பூத்து மூன்று வாரத்தில் பறிக்கலாம். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயைக் கிள்ளுங்கள், ஒரு கையால் இழுத்தால் கொடியே வந்துவிடும். பறித்த நேரத்திலிருந்தே சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும், அன்றைக்கே சாப்பிடுங்கள். முற்றிய காயைக் கொடியில் விட்டால் புதுப் பூ நின்றுவிடும்.

பின்சேர்க்கை: இதே மாதிரி செய்தும் அழுகியது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேட்டுப் பார்த்தால் இருவரும் பாதிக்கு மேல் கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த தொட்டியில் போட்டிருக்கிறார்கள். அது மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பட்டாணிக்கு அதைக் கால் பங்குக்கு மேல் போகவிடாமல், மணல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் அறுவடைக்குப் பிறகு செடியைப் பிடுங்கியபோது வேரெல்லாம் உருண்டை உருண்டையாக இருக்கிறது, நோயா என்று கேட்டிருந்தார். பெரும்பாலும் அது ரைசோபியம் பாக்டீரியா தங்கும் வேர் முடிச்சாகத்தான் இருக்கும், காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அதுதான். நகத்தால் கீறிப் பாருங்கள், வேலை செய்துகொண்டிருக்கும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அடுத்த முறை செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஏதாவது கீரை போடுங்கள்.