நாலாம் வகுப்பு லீவிலேயே தொடங்குங்கள்: முதல் மாதவிடாய்க்கு மகளைத் தயார் செய்வது

மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போவதற்குள் மாதவிடாய் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அதெல்லாம் ஏழாவது, எட்டாவது வரும்போது பார்த்துக்கலாம்" என்று அம்மாக்கள் தள்ளிப்போடுவதில்தான் பெரும்பாலும் சிக்கலே தொடங்குகிறது. பெண் குழந்தைகளில் பலர் 11 முதல் 13 வயதுக்குள் வயசுக்கு வந்துவிடுகிறார்கள். 10 வயதில் வருவதும் அபூர்வமில்லை. ஒன்றுமே தெரியாத பிள்ளை ஜட்டியில் ரத்தத்தைப் பார்த்தால், எங்கோ அடிபட்டுவிட்டது, இல்லை பெரிய நோய் வந்துவிட்டது என்றுதான் நினைப்பாள். யாரிடமும் சொல்லாமல், மதியம் முழுக்க பெஞ்சைவிட்டு எழாமல் உட்கார்ந்திருப்பாள்.

என்றைக்கு வரும் என்று நாள் குறிக்க முடியாது. ஆனால் உடம்பு முன்கூட்டியே சொல்லும். மார்புக் காம்புக்கு அடியில் சின்னதாக ஒரு தடிப்பு வருவதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம். ஒரு பக்கம் முதலில் வரும், தொட்டால் வலிக்கும். கட்டியோ என்று அம்மாக்கள் பயந்துபோவதும் இங்கேதான். 8 வயதுக்கு மேல் இது இயல்பானதே. அதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும். நடுவில் மளமளவென்று உயரம் கூடும். கடைசியாக, மாதவிடாய்க்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பிருந்தே கொஞ்சம் வெள்ளைப்படும். நாற்றமோ அரிப்போ இல்லையென்றால் அதற்கு வைத்தியம் தேவையில்லை. அதைப் பார்த்ததும் ஸ்கூல் பையில் பேட் வைத்துவிடுங்கள். 8 வயது முடியும் முன்பே மார்பு வளரத் தொடங்கினால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது? கதவைச் சாத்தி, எதிரே உட்காரவைத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். பிள்ளை மிரண்டுபோவாள், பாதி மனதில் நிற்காது. தலை பின்னும்போது, துணி மடிக்கும்போது, கடையில் பேட் வாங்கும்போது என்று ஐந்து ஐந்து நிமிடமாகச் சொல்லுங்கள். முதல் தடவை இவ்வளவு போதும்: "பொண்ணுங்க வயித்துக்குள்ள கருப்பைன்னு ஒண்ணு இருக்கு. பெரியவளாகும்போது அது மாசாமாசம் உள்ளே மெத்துன்னு ஒரு படலம் போட்டு வைக்கும். குழந்தை இல்லைன்னா அது தேவைப்படாது. கொஞ்சம் ரத்தத்தோட வெளியே வந்துடும். அம்மாவுக்கும் வருது. அடிபட்டு வர்ற ரத்தம் இல்லை." அடுத்த கேள்வி அவளிடமிருந்து வரட்டும். "குழந்தை எப்படி வரும்?" என்று கேட்டால், "நீ சின்னப் பொண்ணு" என்று வாயை அடைக்காதீர்கள். வயதுக்கு ஏற்றபடி உண்மையைச் சொல்லுங்கள். ஒருமுறை அடைத்துவிட்டால் அடுத்த சந்தேகத்தை அவள் உங்களிடம் கொண்டுவர மாட்டாள்.

எவ்வளவு ரத்தம் போகும் என்ற பயம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. இதை வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது நல்லது. இருமல் டானிக்கோடு வரும் சின்ன மூடியில் 10 மில்லி கோடு இருக்கும். அதில் நாலு மூடி தண்ணீர் எடுத்து டம்ளரில் ஊற்றுங்கள். டம்ளரின் அடியில்தான் நிற்கும். நாலைந்து நாளும் சேர்த்துப் பெரும்பாலும் அவ்வளவுதான் போகும். அடுத்து ஒரு மூடித் தண்ணீரை ஒரு பேடின் மேல் மெல்ல ஊற்றி அவளையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஈரமே தெரியாது. "ஒழுகிடுமோ" என்ற பயம் பாதி குறைந்துவிடும்.

பேட் வைக்கவும் வீட்டிலேயே பழக்குங்கள். 230, 240 மில்லிமீட்டர் அளவில், இறக்கை உள்ளதாக வாங்கினால் சின்னப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும், இரவுக்கு 280. பின்பக்கத் தாளை உரித்து, பசையுள்ள பக்கம் ஜட்டியில் ஒட்டும்படி நடுவில் அழுத்தி, இறக்கைகளை அடிப்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். பசைப் பக்கத்தை மேலே வைத்துவிடுவது, முன்னுக்கு ரொம்பத் தள்ளி ஒட்டுவது, இறக்கைத் தாளை உரிக்க மறப்பது என்று ஆரம்பத்தில் தவறுவது சகஜம். ஜட்டி தொளதொளவென்று இருந்தால் எப்படி ஒட்டினாலும் நகர்ந்து கறை படும். அதனால் உடம்போடு பொருந்தும் பருத்தி ஜட்டி நாலைந்து புதிதாக வாங்கிவிடுங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேட் வைத்துக்கொண்டே ஓடியாடி விளையாடச் சொல்லுங்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். கறை குறைவாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். துணி பயன்படுத்தும் வீட்டில் சோப்புப் போட்டு அலசி, நேர் வெயிலில் காயவைக்க வேண்டும். இன்னொரு துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் ஈரம் போகாமல் தொற்று வரும்.

ஸ்கூல் பைக்கு ஒரு சின்ன ஜிப் பை போதும். பேட் இரண்டு, ஜட்டி ஒன்று, பழைய செய்தித்தாள் இரண்டு துண்டு, ஒரு பிளாஸ்டிக் கவர், ஒரு கைக்குட்டை. பயன்படுத்திய பேடைத் தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும், கழிவறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். பேட் கையில் இல்லாத நேரத்தில் சுத்தமான கைக்குட்டையை நீளமாக மடித்து வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவையுங்கள். சீருடையில் கறை பட்டால் குளிர்ந்த தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

யாரிடம், என்ன சொல்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். "மிஸ், எனக்கு பீரியட்ஸ் வந்திருக்கு, பாத்ரூம் போகணும்" என்ற ஒரு வாக்கியத்தை அவள் வாயால் சொல்லிப் பழகட்டும். வகுப்பில் சார் இருந்தால் எந்த டீச்சரிடம் போவது என்று பேசி வையுங்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள். யாரிடம் கேட்டு வாங்குவது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அப்பாவையும் இதில் சேருங்கள். அம்மா ஊரில் இல்லாத நாளில் வந்தால் பேட் எடுத்துத் தர வேண்டியவர் அவர்தான்.

முதல் கறை பல சமயம் சிவப்பாக இருக்காது. பழுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பிள்ளை ஜட்டியை ஒளித்துவைப்பதும் உண்டு. இந்த நிறத்தைப் பற்றி முன்பே சொல்லிவையுங்கள். அன்றைக்கு முதலில் அவளை அணைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குப் போன் போடுவதெல்லாம் பிறகு. இன்றிலிருந்து இப்படி உட்காராதே, அங்கே போகாதே என்ற பட்டியல் அன்று வேண்டவே வேண்டாம்.

உளுந்தங்களி தாராளமாகக் கொடுங்கள். தோல் உளுந்து ஒரு கப், பச்சரிசி கால் கப் எடுத்து வாசம் வரும்வரை வறுத்து மாவாக்குங்கள். ஒரு கப் மாவுக்கு இரண்டரை கப் தண்ணீர், முக்கால் கப் பொடித்த கருப்பட்டி, கால் கப் நல்லெண்ணெய். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். கொதிக்கும் பாகில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். ஆறிய பாகில் மாவைக் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் எண்ணெய் விட்டுவிட்டுக் கிண்டுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், கிருமித் தொற்று வரலாம்; வேகவைத்துக் கொடுங்கள். இரும்புச்சத்துக்குக் களி மட்டும் போதாது. முருங்கைக்கீரை, ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாரத்தில் இரண்டு நாளாவது இருக்கட்டும், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

சடங்கு வைப்பதா வேண்டாமா என்பதில் பிள்ளையைக் கேட்காமல் பத்திரிகை அடிக்கக் கூடாது. தாய்மாமன் சீர், புதுப் பாவாடை தாவணி, சொந்தக்காரர்கள் கூட்டம் என்று சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். வேறு சில பிள்ளைகள் தெருமுனை ஃபிளெக்ஸில் தன் படத்தைக் கூடப் படிக்கும் பையன்கள் பார்ப்பார்களே என்று குறுகிப்போவார்கள். மஞ்சள் நீராட்டை வீட்டுக்குள் பத்துப் பேரோடும் முடிக்கலாம். எப்படி நடத்தினாலும் தனித் தட்டு, தனிப் பாய், மூலையில் உட்காரவைப்பது வேண்டாம். உடம்பில் அசுத்தம் எதுவும் இல்லை. பள்ளியை ஒன்பது, பதினாறு நாள் நிறுத்துவதும் வேண்டாம். உடம்பு முடிந்தால் மறுநாளே போகட்டும்.

அடுத்த மாதமே திரும்ப வராவிட்டால் பதற வேண்டாம். முதல் ஓரிரு வருடம் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். மாதக் காலண்டரில் அவளே ஒரு புள்ளி வைக்கட்டும். வயிறு வலித்தால் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடிவயிற்றில் 15, 20 நிமிடம் வையுங்கள். பள்ளிக்கே போக முடியாத அளவு வலி, ஏழு நாளைத் தாண்டிய போக்கு, ஒன்று இரண்டு மணி நேரத்திலேயே முழுதாக நனையும் பேட், மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 15 வயதாகியும் வராவிட்டாலும் காட்ட வேண்டும். போகும்போது அந்தக் காலண்டரைக் கையோடு கொண்டுபோனால், டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்லும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் தம்பியோ அண்ணனோ இருந்தால் அவனுக்கும் இதே ஐந்து நிமிடப் பேச்சு வேண்டும். "அக்காவுக்கு இன்னிக்கு வயித்துவலி, தண்ணிக்குடத்தை நீ தூக்கு" என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேலி செய்யாமல் தூக்கும் அளவுக்கு அவனுக்கும் தெரிந்திருக்கட்டும்.